ரோஸிக்கு ஒரே ஆகாரம் ஒத்துக்காது

— சீ, சீ! மூடுடா அதை! டப்பா பூரா நெளியறது! பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல இதை வெச்சிருக்கியே, ப்ரஹ்லாத், நீ மனுஷன்தானா?

— வெறும் மாவுப்புழு, அக்கா. கத்தாதே. ஃப்ரிட்ஜ்ல வெச்சா தூங்கிண்டே இருக்கும். வெளியில வெச்சா வண்டா மாறிடும்.

— காப்பிக்குப் பால் எடுக்கலாம்னு திறந்தேன். இனிமே இந்த ஆத்துல எனக்குக் காப்பியே வேண்டாம். அப்பா, இவனாத்துக்கு வந்த பத்து நாளா இதையா பாத்துண்டிருக்கேள்?

— நான் ஃப்ரிட்ஜைத் திறக்கறதில்லைம்மா. திறக்கக் கூடாதுன்னுட்டான்.

— திறந்து திறந்து மூடினா சூடு ஏறிப் புழு முழிச்சுக்கும், அக்கா. சயன்டிஃபிக்கா சொன்னேன், அப்பா ஒத்துண்டுட்டார்.

— உன் சயன்டிஃபிக்கை அடுப்புல போடு. எல்லாம் அந்த எட்டுக்கால் சனியனுக்கா?

— ரோஸின்னு பேர் இருக்கு. சிலி தேசத்துச் சிலந்தி. கண்ணாடித் தொட்டிகிட்ட வந்து பாரேன், எப்படி உக்காந்துண்டிருக்கா, சக்கத்தா, மகாராணி மாதிரி!

— வரமாட்டேன். உள்ளங்கை அகலம் இருக்கு, உடம்பெல்லாம் ரோமம். ஐயோ, காலைத் தூக்கறதுடா! இரு, நான் சோபா மேலே ஏறிக்கறேன். டிவிக்குக் கீழே கிர்ருகிர்ருன்னு கத்தறதே, அது என்ன இழவு?

— சுவர்க்கோழி. சிவாஜி நகர்ல ஒருத்தன் வளர்த்துத் தரான். கம்பெனி பஸ்ல மடியில வெச்சுண்டு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் வந்தேன். பக்கத்து சீட்ல இருந்த எங்க ஆபீஸ் கோவிந்தப்பா எழுந்து போய் நின்னுண்டே வந்தான், பாவம்.

— நானா இருந்தா ஜன்னல் வழியா குதிச்சிருப்பேன்.

— கொஞ்சம் கேளேன், அக்கா. தினம் ஒரே பூச்சியைப் போட்டா ரோஸிக்கு ஒத்துக்காது. மாத்தி மாத்திப் போடணும். ஒரு வாரம் சுவர்க்கோழி, அடுத்த வாரம் வெட்டுக்கிளி, அதுக்கப்புறம் கரப்பான். மாவுப்புழுல கொழுப்பு ஜாஸ்தி. அதை எப்பவாவது ஒண்ணுதான் தரணும், நாம பக்ஷணம் திங்கற மாதிரி.

— பக்ஷணமா! முதல்ல வாயை அலம்பிண்டு வா. கரப்பானைச் சமையலறையில பிடிப்பியோ?

— சேச்சே, ஆத்துக் கரப்பான் ஆகவே ஆகாது. பக்கத்து ஃப்ளாட்காரா மருந்து அடிச்சிருந்தா ரோஸி செத்தே போயிடுவா. எனக்கு எல்லாம் வளர்த்த சரக்குதான். அதுலயும் பார், பூச்சி என்ன தின்றதோ அதுதான் ரோஸி வயித்துக்குள்ள போறது. அதனால முதல்ல பூச்சிக்கு நன்னா போடணும். கேரட், வெள்ளரிக்காய், ஓட்ஸ். தினம் காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி நானே தோல் சீவி, பொடியா நறுக்கி வெச்சுட்டுத்தான் போவேன்.

— ஓட்ஸா? மேடை மேலே இருக்கே, அந்த டப்பாவா? இப்போதானே அதுல அப்பாவுக்குக் கஞ்சி போட்டுக் குடுத்தேன்!

— அதேதான். நல்ல ஓட்ஸ். ஸ்பூன் வேற வேற.

— கர்மம், கர்மம்! குமட்டிண்டு வரது எனக்கு. சரி, காலையில கஞ்சி. மத்தியானம் அவருக்கு என்ன?

— கஞ்சிதான். ஃப்ளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டுப் போயிடுவேன்.

— ராத்திரி?

— அக்கா, வயசானவாளுக்கு லேசாத்தான் இருக்கணும். நான் காலையில ஏழு மணிக்கு பஸ் ஏறினா ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பி வரேன். தளிகை பண்ண எனக்கு நேரம் எங்கே?

— கேரட் நறுக்க நேரம் இருக்கோன்னோ? என்கிட்ட இருந்த வரைக்கும் ரெண்டு கறியமுது இல்லாம உக்கார மாட்டார்டா அவர். அப்பா, பத்து நாளா மூணு வேளையும் கஞ்சியா? தினம் போன்ல நன்னா இருக்கேன்னேளே!

— நன்னாத்தான் இருக்கேன், ரஞ்சனி. நீ ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் கிளம்பற வழியைப் பாரு. ஆபீஸ்ல அத்தனை பேர்ல உன்னைப் பொறுக்கி எடுத்து அனுப்பறா. ஆறு மாசம்தானே இவன்கிட்ட, ஓடியே போயிடும். என்னால உன் வேலை கெட்டுதுன்னு இருக்கக் கூடாது.

— நீங்கோ சும்மா இருங்கோ, அப்பா. ப்ரஹ்லாத், இத்தனை நாழி உன் புழுவைப் பாத்துக் குமட்டித்து. இப்போ உன்னைப் பாத்தாத்தான் குமட்றது.

— ஓவரா பேசாதே. நான் அவரைப் பட்டினியா போட்டேன்? எனக்கு இருக்கற தலைவலி எனக்கு. இந்தச் சுவர்க்கோழிகளுக்கு என்ன பேய்ப்பசியோ தெரியலை. காலையில டப்பா நிறைய கேரட் போட்டுட்டுப் போறேன், வந்து பாத்தா ரெண்டே ரெண்டு துண்டு கிடக்கு. வெள்ளரிக்காயும் அப்படித்தான். இத்தனை தின்னா வயிறு வெடிச்சுச் சாகும். நாளையிலேர்ந்து கேரட் கிடையாது, வெறும் ஓட்ஸ்தான்.

— கேரட்டை நிறுத்தாதேடா.

— ஏம்பா? உங்களுக்கென்ன வந்தது?

— பூச்சிக்கு ரெண்டு துண்டு விட்டுட்டு, மிச்சத்தை நான்தான் அலம்பித் தின்னுண்டிருக்கேன்.