சூட்டுப் பெட்டிக்கு ஒரு மணி நேர ஓய்வு

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! பத்து நிமிடம் தாண்டினால் அடிப்பதற்கென்றே மேசையில் மணி வைத்திருக்கும் மாண்பே! மருந்து கெடாமல் காக்கும் ஆய்வாளர்களே! பழைய புத்தகம் பொடியாகாமல் காக்கும் நூலகத்தாரே! இரும்புப் பாலம் இற்றுப்போகாமல் காக்கும் பொறியாளர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

வெப்பத்தையும் சிதைவையும் ஆராய்கிறவர்கள் கூடிய சபையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இந்தக் கிழவியை ஏன் அழைத்தார்கள்? அறிவுக்கா? அழகுக்கா? முன்வரிசையில் சிரிக்கிறீர்களே, சிரியுங்கள். நான் செய்த தப்புக்காக அழைத்திருக்கிறார்கள்!

என் பேத்தி அழுகலை ஆராய்கிறாள். சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சுதான். சருகு மக்கும்போது மூச்சு விடுமாம். சூடு கூடக் கூட மூச்சு கூடுமாம். அதை அளக்க நாற்பது குப்பிகளில் மண்ணும் சருகும் போட்டு, சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கினாள். ஆய்வகத்தில் இடமில்லாததால் பெட்டி எங்கள் கூடத்தில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“பாட்டி, இதத் தொட்டுடாதீங்க. ஆறு மாசம் ஒரே சூட்டுல இருக்கணும்.”

“நான் ஏன்டி தொடப்போறேன்? கிட்டப் போனாலே குமட்டுது.”

தொடவில்லை. சத்தியமாகப் பெட்டியைத் தொடவில்லை. சுவிட்சை மட்டும்தான் தொட்டேன்!

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டுவோமா? ஓட்டிப் புகையவிட்டு, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். இரவு பகலாக உறுமுகிற பெட்டியைப் பார்த்தால் பாவமாக இருக்காதா? தினமும் மதியம் ஒரு மணிக்கு அணைப்பேன். நானும் படுப்பேன், அதுவும் படுக்கும். எழுந்ததும் போட மறந்துவிடக் கூடாதே என்று, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்னால் அணைத்த நேரத்தையும் போட்ட நேரத்தையும் எழுதி வைப்பேன்.

ஆறு மாதம் ஆயிற்று. பெட்டிக்குள் இருந்த கருவி தானாகப் பதிந்து வைத்த மூச்சளவைக் கோடாக வரைந்தால், தினமும் மதியம் ஒரு பள்ளம்! அவளுடைய பேராசிரியர் கண்ணாடியை இறக்கிவிட்டு, “அழுகல் மதியத்துல தூங்குமாம்மா? இதெல்லாம் நீயா போட்ட எண்ணுதானே?” என்று கேட்டாராம். அதோ மேடையில் குனிந்து சிரிக்கிறாரே, அவரேதான்! பொய் எண் என்று முடிவானால் பட்டம் கிடையாது.

அன்று பிள்ளை சாப்பிடவில்லை. “ஒரு எண்ணக்கூட நான் மாத்தல பாட்டி,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

என் மதியத் தூக்கம்தான் அந்தப் பள்ளம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால்? அவள் மானம் போகும்! அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இந்த மேடையில் விவரிக்க முடியாது. மறுநாள் நூற்றெண்பது தாள்களையும் ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

“ஐயா, தூங்கினது அழுகல் இல்ல. நான்தான்.”

அவர் தாளைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். ஒரு நாள் நான் நாற்பது நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருக்கிறேன். அன்றைய பள்ளமும் அவ்வளவு அகலம்!

“ஒரு நாள்கூட எழுதாம விடலியாம்மா?”

“விட்டா எப்படிங்க ஞாபகமாப் போடுறது?”

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். சூடு நின்று நின்று வந்தால் அழுகல் எப்படி மாறும் என்று என் தாள்களை வைத்தே பேத்தி கணக்குப் போட்டாள். மருந்துக்காரர் வந்தார்: “எங்க குளிர்பெட்டிக்கும் கரண்ட் போய்ப் போய்த்தான் வருது. அந்தக் கணக்கக் காட்டுங்க.” நூலகத்தார் வந்தார்கள், அவர்கள் கூரை பகலில் காயும், இரவில் ஆறும். பாலத்துக்காரரும் வந்தார். உலகத்தில் எந்தச் சூடு ஐயா ஒரே சீராக இருக்கிறது?

சூட்டில் சருகு மக்கும், மருந்து கெடும், காகிதம் உதிரும். ஆனால் வாய்க்குள் வைத்துப் பூட்டிய தப்பு? அதற்குப் பெட்டி வேண்டாம், கரண்ட் வேண்டாம், தானாகவே அழுகும்! ஆகவே இளம் ஆய்வாளர்களே, கை தவறினால் எழுதுங்கள்! கருவி தவறினால் எழுதுங்கள்! பாட்டி தவறினாலும் எழுதுங்கள்!

இன்று முதல் என் பேத்தி டாக்டர். வயிற்றுவலி என்று யாரும் அவளிடம் போய்விடாதீர்கள்.

இதோ, தலைவர் மணி அடித்துவிட்டார். இந்த மைக்கும் பாவம், காலையிலிருந்து ஓய்வில்லாமல் உழைக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். நானே அணைத்துவிடுகிறேன். கண்ணு, நேரத்த எழுதிக்கோ!