ஜன்னலுக்குக் கீழே இரண்டு கொடி

— அதெல்லாம் அப்புறம். முதல்ல யார் யார் இருந்தோம்னு எழுதிக்கோம்மா. செடிப் பட்டியல் போட்டவரோட மூத்த மக நான். இவன் என் தம்பி. நீ தாவரவியல் தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வந்த பதிப்பாசிரியை. நாலாவது ஆள் கிடையாது. நாளைக்கு எவனும் "நானும் கேட்டேன்"னு கிளம்பக் கூடாது.

— பூனையை விட்டுட்டியேக்கா.

— நீ சும்மா இரு.

— எழுதிக்கிட்டேங்கம்மா. உங்கப்பாவோட பட்டியலை மறுபடி அச்சுப் போடறோம். தோட்டத்துல எந்தக் குழியில எந்தச் செடின்னு அவ்வளவு துல்லியமா எழுதியிருக்கார். தேடிப் பார்த்தாலும் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். நீங்க குடியிருந்த குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குக் கீழே, ஒரே குழியில ரெண்டு கொடி. ஊதாப்பூக் கொடி, வெள்ளைப்பூக் கொடி.

— அதுக்கென்ன?

— குழிக்கு ஒரு செடிதானேங்க. "தொகுத்தவர் பிழை"ன்னு அடிக்குறிப்பு போடச் சொல்றாங்க.

— எங்கப்பா பேருக்குக் கீழே பிழைங்கற வார்த்தையா? அப்படியொரு புஸ்தகமே வேண்டாம். எடுத்துட்டுப் போ.

— அந்தப் பொண்ணு என்னக்கா பண்ணும்? விஷயத்தைச் சொல்லித் தொலையேன்.

— வீட்டு விஷயம் வீட்டோட.

— அப்ப நான் சொல்றேன். கேளும்மா. எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தா. நடமாடின காலத்துல அவ கையால விதை போட்டது அந்த ஊதாக் கொடி. கட்டில்ல இருந்து பார்த்தா அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். விடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, நம்ம வீட்டுப் பொண்ணு எதுவரைக்கும் ஏறியிருக்கா?"ம்பா.

— வீட்டுப் பொண்ணு இல்லைடா. "சின்னவ"ம்பா. நான் பெரியவ, அது சின்னவ.

— பார்த்தியாம்மா, வாயைத் திறந்துட்டா!

— சொல்றதைச் சரியாச் சொல்லு. அதுக்குத்தான்.

— சரி, சின்னவ. ஒரு மழையில வேர் அழுகிச் செத்துப்போச்சு. அப்பா அதைப் பிடுங்கிட்டு, அதே மாதிரி இலை இருக்கிற வெள்ளைக் கொடியைக் கொண்டாந்து நட்டார். அதே கம்புல சுத்தியும் விட்டார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே"ன்னு எனக்கு உத்தரவு.

— பூத்தா தெரிஞ்சிருக்குமேங்க?

— பூக்கறதுக்குள்ள அவ போயிட்டாம்மா.

— செத்த செடியைச் சேர்க்கக் கூடாதுன்னு முன்னுரையில அவரே எழுதியிருக்காரே. ஊதாக் கொடியை எடுத்திருக்கலாமே?

— அம்மா இருக்கும்போதே பட்டியல் அச்சுக்குப் போச்சு. கை வரலை அவருக்கு. சரி, வெள்ளையையாவது விட்டிருக்கலாம்ல? குழியில இருக்கறதை எப்படி இல்லைன்னு எழுதறதுன்னு அதுவும் முடியலை. ரெண்டையும் எழுதிட்டார். ஆயுசுக்கும் மனுஷன் சொன்னது ஒரு பொய். அதையும் விலாசம் போட்டுச் சொல்லியிருக்கார் பாரு!

— சிரிக்காதடா.

— சிரிக்கலைக்கா.

— அப்ப பிழைன்னு போடலைங்கம்மா. இப்படிப் போடட்டுமா? "நோயுற்ற மனைவிக்காக, பட்டுப்போன கொடியை உயிரோடு இருப்பதாகவே தொகுத்தவர் குறித்தார். மனைவிக்கு அது கடைசிவரை தெரியாது."

— அப்படியே போட்டுடும்மா.

— முதல் வரி இருக்கட்டும். ரெண்டாவதை அடிச்சுடு.

— ஏன்க்கா? அம்மாகிட்ட நான் வாயே திறக்கலை. சத்தியமா.

— நீ திறக்கலைடா, எனக்குத் தெரியும். ஆனா அம்மாவுக்குத் தெரியாதுங்கறது பொய். அச்சாபீஸ்ல இருந்து வந்த தாளையெல்லாம் படுத்துக்கிட்டே பிழை பார்த்தது அவதான். நான் பக்கத்துல உட்கார்ந்து தாளைத் தூக்கிப் பிடிப்பேன். அந்த ரெண்டு கொடியும் இருந்த பக்கம் வந்ததும் பேனாவை மூடி வெச்சுட்டு, "இது சரியாத்தான் இருக்கு, திருப்பு"ன்னா.