நாலாவது ஸ்க்ரூ

உள்ள எட்டி எட்டிப் பாக்காதீங்கண்ணே. ஆம்பள யாரும் ஒளிஞ்சிருக்கல. வேணும்னா போய்ப் பாத்துட்டே வாங்க, கதவு தொறந்துதான் கெடக்கு. கீழ ஃபேன் றெக்கை இருக்கு, காலைப் பாத்து வையுங்க.

பாத்தாச்சா? உக்காருங்க. மிக்ஸிய உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கறேன். அதுக்குத்தானே வந்திருக்கீங்க?

கோவமெல்லாம் இல்லீங்க. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு. நேத்து ஒருத்தர் அயர்ன் பாக்ஸக் கொண்டாந்து சூடே ஆகலன்னாரு. பிளக்க சொருகிட்டு, கைய வெச்சுப் பாருங்க சார்னேன். ஒயரச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு.

நெஜமாவே உங்களுக்கு விஷயம் தெரியாதா? சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம். காலேஜ்ல நானூறு ஃபேன் இருக்கு. பொம்பளைங்க நடத்தற கடைக்குத்தான் அந்த ரிப்பேர் வேலைன்னு முடிவு பண்ணி, எங்களக் கூப்பிட்டுப் பேசினாங்க. கையெழுத்துப் போடற நேரத்துல மொட்டைக் கடுதாசி போயிருக்கு. கடைதான் அவ பேர்ல, வேலை செய்யறதெல்லாம் உள்ள ஒரு ஆம்பளன்னு. வெள்ளிக்கிழமை கமிட்டி உக்காருது. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு பக்கம் வேலை தேடணும்.

அந்தா காயில் சுத்தறாளே, கண்ணாடிக்காரி, அவ வேலைக்குச் சேந்தப்ப மாமியார்க்காரி இதே வாசல்ல நின்னு மானம் போற மாதிரி கத்துச்சு. இப்ப அதுதான் மத்தியானம் கேரியர் எடுத்துட்டு வருது. வந்தா சும்மா போகாது, சோல்டரிங் சரியில்லன்னு எனக்கே கொறை சொல்லும். பேத்திய எலெக்ட்ரிகல் படிக்க வெக்கணும்னு நிக்கறதும் அதான். இதெல்லாம் கடுதாசியில எவன் எழுதறான்?

மிக்ஸி உங்க வீட்டம்மாவோடதா? என்ன அரைக்கறப்ப நின்னுச்சு? தெரியாதா! ரிப்பேருக்குக் குடுத்து விடற பொம்பளை என்ன அரைச்சோம், எப்படி நின்னுச்சுன்னு சொல்லி, கூடவே நாலு திட்டும் திட்டித்தானே அனுப்புவா?

தோ, சுவிட்சுக்குப் போற ஒயர் அறுந்திருக்கு. எரிஞ்சிருந்தா கருகியிருக்கும். எலி கடிச்சிருந்தா பிசிறு பிசிறா இருக்கும். இது கட்டிங் பிளேயர் வெட்டு. நேர் வெட்டு. ஒயரையே வெட்டிட்டு மோட்டார் போச்சுன்னு சொல்லச் சொன்னாங்களா? அவ புது மோட்டார் மாத்தணும்னு சொல்லுவா, அதை வெச்சு அவளுக்குத் தொழிலே தெரியாதுன்னு கமிட்டியில சொல்லலாம்னு ரோசனையாக்கும்.

ஏண்ணே எந்திரிக்கறீங்க? ரெண்டு நிமிஷம். ஒட்டிட்டேன். ஓடுது பாருங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். நீங்க கொண்டு வந்தப்பவே அடித்தட்டுல மூணு ஸ்க்ரூதான். நாலாவது ஓட்டை காலி. அது எப்பவோ விழுந்திருந்தா ஓட்டையில தூசி அடைச்சிருக்கும். இது சுத்தமா இருக்கு. நேத்து, மிஞ்சிப்போனா முந்தாநாள் கழட்டினது.

எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு ஆளுக்குத்தான் இந்தப் பழக்கம். மூணு போட்டா நிக்குது, நாலாவது எதுக்குன்னு ஜோப்புல போட்டுக்குவாரு. பத்து வருஷம் பக்கத்துல உக்காந்து அவரு கையப் பாத்துத்தான் நான் தொழிலே கத்துக்கிட்டேன். எங்க பொண்ணுங்களுக்கு மொத நாள் நான் சொல்றதே அதான், மூடறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவ எண்ணுங்கடின்னு. வர்றவங்கல்லாம் அக்கா இல்லையான்னு கேக்க ஆரம்பிச்சதுலேர்ந்து அவரு கடைப் பக்கம் வர்றதில்ல. வீட்டோட இருக்காரு. முதுகு வலின்னு சொல்லிக்குவாரு.

அந்த ஸ்க்ரூ டிரைவர எடுங்க. ம், அதான்.

காலையில எங்க வீட்டுக்காரரு சட்டைய ஊறப் போடறப்ப ஜோப்புல இந்த ஸ்க்ரூ கெடந்துச்சு. எந்த மிக்ஸியோடதுன்னு புரியல. சரி, எப்படியும் கடைக்குத் தேடிட்டு வரும்னு முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தேன். பாருங்க, கச்சிதமா உக்காருது.