தானா விழுந்தது

ருஷ்தி: போதும் மதாம்... மேசை, காத்து, ஜன்னல், எதுவும் வேணாம். இந்தத் தெருவுல போன் ரிப்பேர் பண்ற எவனும் எப்படி உடைஞ்சதுன்னு கேக்க மாட்டான். நீங்க 'விழுந்துடுச்சு'ம்பீங்க, நான் 'விழத்தான் செய்யும்'பேன். அதோட சரி.

இன்சாஃப்: சரி இன்ஜினியரே. விழுந்துடுச்சு.

ருஷ்தி: விழத்தான் செய்யும்.

இன்சாஃப்: தானா...

ருஷ்தி: மதாம்.

இன்சாஃப்: சரி, சரி. இது என் வீட்டுக்காரர் பஹ்ஜத்தோட போன். மறந்துட்டு வெளியில போயிருக்கார். அவர் திரும்பறதுக்குள்ள புது டிஸ்ப்ளே போட்டுடணும். எங்களுக்குள்ள ஒரு பந்தயம்... முதல்ல யார் போனை உடைக்கிறாங்களோ, அவங்க அடுத்தவங்க அம்மாவ ரமலான் முழுக்க வீட்டுல வச்சுப் பாத்துக்கணும்.

ருஷ்தி: முழு ரமலானுமா?

இன்சாஃப்: என் சூப்புல உப்பு சரியில்லன்னு சொல்றதுக்காகவே நோன்பு பிடிக்கிறவங்க அவரோட அம்மா.

ருஷ்தி: அல்லா லேசாக்கட்டும்... இதென்ன, விரிசல்ல மஞ்சள் முடி? பூனை முடி மாதிரி...

இன்சாஃப்: கேக்க மாட்டேன்னீங்க?

ருஷ்தி: கேக்கல. தலைமுடின்னே வச்சுக்கறேன். இதாவது பரவால்ல. காலையில ஒரு போன் வந்துச்சு, ஸ்பீக்கர் ஓட்டை முழுக்க வெந்த கோதுமை.

இன்சாஃப்: உள்ள யாரோ இருமறாங்க...

ருஷ்தி: அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலயா? டீ குடிக்கிற ஆளு. புரையேறிடுச்சு.

இன்சாஃப்: கோதுமைன்னதும் வயிறு எரியுது. தம்பி வர்றான்னு கோதுமை அடைச்சு ரெண்டு புறா சுட்டு, அடுப்புக்குள்ளயே மூடி வச்சிருந்தேன். விடிஞ்சு பாத்தா எலும்பு கூட இல்ல. எல்லாம் அந்த மிஷ்மிஷ் வேலை... அவர் மடியில வச்சுக் கொஞ்சற பூனை.

ருஷ்தி: ஓ... மஞ்சப் பூனையா?

இன்சாஃப்: இன்ஜினியரே.

ருஷ்தி: நான் ஒண்ணும் கேக்கல. இந்தாங்க, டிஸ்ப்ளே போட்டாச்சு. யாருக்காவது ஒரு கால் பண்ணிப் பாருங்க.

இன்சாஃப்: என் நம்பருக்கே பண்றேன். காலையிலேர்ந்து வீட்டுல தேடறேன், எங்க வச்சேன்னே தெரியல... அட, உங்க டிராயருக்குள்ள சேவல் கூவுது?

ருஷ்தி: சேவல் ரிங்டோன்... ஊர் முழுக்க வச்சிருக்காங்க மதாம்.

இன்சாஃப்: நான் கட் பண்ணினா நிக்குது.

ருஷ்தி: நல்லா வளத்த சேவல்.

இன்சாஃப்: திரும்பப் பண்றேன்... திரும்பக் கூவுது. யார் கொண்டு வந்து குடுத்தது?

ருஷ்தி: அதையும் நாங்க சொல்றதில்ல.

இன்சாஃப்: வேணாம், சொல்ல வேணாம். நான் கிளம்பறேன். மிஷ்மிஷ்ஷ சாக்குல போட்டு எங்க கட்டடத்துக் காவலாளிகிட்ட குடுத்திருக்கேன். நைலுக்கு அந்தக் கரையில விட்டுட்டு வரச் சொல்லணும். கொஞ்சம் சத்தமா சொல்றேன்... டீ குடிக்கிறவருக்கும் கேக்கட்டும்.

ருஷ்தி: பாவம் மதாம், வாயில்லா ஜீவன்...

இன்சாஃப்: வாய் இருக்கிறவங்க யாராவது பேசினா விட்டுடுவேன்.

ருஷ்தி: அண்ணே, திரைச்சீலைய விலக்காதீங்க... நம்ம தெரு வழக்கம்...

பஹ்ஜத்: வழக்கமாவது ஒண்ணாவது, தள்ளுங்க. இன்சாஃப், பூனைய விட்டுடு. புறாவ நான்தான் தின்னேன். கரண்ட் இல்லாம இருட்டா இருந்துச்சு, வெளிச்சத்துக்கு உன் போனை அடுப்புக்குள்ள நீட்டினேன்... அது தானா விழல, நெய்க் கையில வழுக்கிடுச்சு. உங்கம்மாவ நானே ரமலானுக்குக் கூப்பிடறேன்... நீ மிஷ்மிஷ் மேல எறிஞ்ச என் போனைக் குடு.