நீலம் பட்ட பெட்டைகள்

— காடிய விட்டு இறங்குங்க.

— இரேன் சந்திரா. முன்னாடி லோரி நிக்குது. அது போகட்டும்.

— லோரி நம்ம கதவையா மறைக்குது? திறந்தா நேரா இக்மல் கடை. வரிசையில நிக்கிறவங்க தட்டுல என்ன கறின்னுகூட இங்கருந்தே தெரியுது.

— அதான் சொல்றேன், கூட்டமா இருக்கு. பகல் சாப்பாட்டு நேரம்லா. சாயங்காலமா வந்தா அவனும் ஓய்வா இருப்பான், உக்காந்து பேசலாம்.

— நான் அவனைத் திருட்டுப் பயன்னு சொன்னது சாயங்காலமா? இதே நேரம், இதே கூட்டம். அவனப் பெத்த அத்தா கல்லாவுல உக்காந்திருந்தாரு. சொன்ன இடத்துலதாங்க அந்த வார்த்தையத் திரும்ப எடுக்கணும்.

— வார்த்தையச் சொன்னது நீதானே.

— நான்தான். சொல்ல வச்சது யாரு?

— சரி, சரி. நான் இல்லேன்னு சொல்லலையே.

— அந்த ஒண்ண மட்டும்தான் நீங்க சொல்லல.

— பின்னாடி ஆட்டுக்குட்டி கத்துது பாரு. வெயில் தாங்கல போல. காடிய ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா?

— பாலிக் புலாவ் பட்டியிலருந்து அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டு வந்துச்சு. இறங்கணும்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு, உங்களுக்குத்தான் தெரியல. சரி, சொல்லிப் பாருங்க. உள்ள போயி என்ன சொல்லப் போறீங்க?

— என்னத்தச் சொல்றது? சோரி கேக்கப் போறேன்.

— சோரின்னு ஒரு சொல்லைப் போட்டுட்டு ஓடி வந்துடலாம்னு பாக்காதீங்க. முதல்லருந்து சொல்லணும். நான்தான் இக்மல்னு வச்சுக்குங்க.

— இதென்ன பள்ளிக்கூட நாடகமா?

— சொல்லுங்க.

— தம்பி இக்மல்... போன தைப்பூசம் முடிஞ்ச கையோட எங்க பெட்டை ஆடுங்களோட கடாவச் சேத்து விட்டோம். எங்க ராஜாவ.

— ராஜா பெருமையெல்லாம் அவன் கேட்டதுதான். பிறையில ஃபேக்டரி வேலைய விட்டுட்டு கம்பளி ஆட்டுப் பண்ணை போட்டேன், என் கடாவப் போல பினாங்குலயே இல்லன்னு கோயில்ல வரவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்னீங்க. மேல போங்க.

— ராஜா நெஞ்சுல சிவப்புச் சாயம் பூசி விட்டேன். எந்தப் பெட்டை மேல ஏறுதோ அதோட முதுகுல சாயம் ஒட்டிக்கும். காலையில பாத்தா எது சேர்ந்துச்சு, எது சேரலன்னு தெரிஞ்சிடும்.

— ஒட்டுச்சா?

— ஒட்டல.

— உள்ள இதவிடச் சத்தமா சொல்லணும்.

— ஒட்டலலா. ஒரு பெட்டை கிட்டகூட அது போகல. நிழல்ல படுத்து நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கிட்டு கிடந்துச்சு.

— ஏன் மூச்சு வாங்குச்சு?

— உனக்குத்தான் தெரியுமே.

— இக்மலுக்குச் சொல்லுங்க.

— கம்பளி. அவ்வளவு முடியோட நம்ம ஊரு சூட்டுல கடா தாங்காது. சேர்க்கிறதுக்கு முன்னாடி மொட்டை அடிச்சு விடணும். நான் அடிக்கல. பாக்க வர்றவங்க எல்லாரும் அந்த முடியத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. அதை வெட்ட மனசு வரல.

— மொட்டை அடிங்கன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?

— சொன்னான். இக்மல்தான். பக்கத்துல அவன் பட்டி வேலிகிட்ட நின்னுகிட்டு, "அண்ணே, முடியோட விட்டா கடா வேலைக்கு ஆகாதுண்ணே"ன்னான்.

— நீங்க?

— "உன் மொட்டைக் கடாவும் என் ராஜாவும் ஒண்ணாடா"ன்னு கேட்டேன்.

— அதையும் சொல்லணும்.

— அதுவுமா?

— அடுத்தது உங்க கை.

— வேணாம் சந்திரா. அது மட்டும் நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும்.

— வீட்டுக்குள்ளயா இருந்துச்சு? காலையில பட்டிக்குப் போறேன், முதுகெல்லாம் சிவப்பு. ராஜா வேலைய ஆரம்பிச்சிட்டான்னு துள்ளினேன். நம்ம பொண்ணு ஷர்மினிக்குப் போன் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பி, அவ மாமியாருகூட பாத்தாங்களாம். நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சீங்க. விடியறதுக்கு முன்னாடி போயி உங்க கையாலயே பெட்டை முதுகுல எல்லாம் சாயத்தத் தேச்சுட்டு வந்து சிரிச்சீங்க.

— நகத்துல சாயம் போகவே இல்ல, தெரியுமா. அந்த வாரம் முழுக்க கையப் பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருந்தேன். நீ சோறு போடும்போது கரண்டி கேட்டேனே, கவனிச்சியா?

— வயசாகுதேன்னு நெனச்சேன்.

— வெக்கம்மா. வேலைய விடாதீங்கன்னு நீ சொன்னே. அந்தக் கடாவ வாங்காதீங்கன்னும் சொன்னே. வாங்கி வந்து நிறுத்தியாச்சு, அது படுத்துக் கிடக்குது. உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

— சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாவது நாள் நானே இக்மல்கிட்ட போயி, தம்பி உன் கடாவக் கொஞ்சம் விடுடான்னு கேட்டிருப்பேன்.

— அதுதான் முடியல. மொட்டைக் கடான்னு சொன்ன வாயால அதையே இரவல் கேக்கணும்லா.

— அதனால?

— அதனால... ஒரு விடியக்காலையில வேலிக் கம்பிய அவுத்தேன். அவன் பட்டிக்கும் நம்ம பட்டிக்கும் நடுவுல இருக்கிறதை. அவன் கடா வந்தா வரட்டும், குட்டி பொறந்தா ராஜா குட்டின்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். முதுகுலதான் சிவப்பு இருக்கே.

— ஆனா நான் போயி பாக்கும்போது பாதிப் பெட்டை முதுகுல சிவப்புக்கு மேல நீலம். இக்மல் கடா நெஞ்செல்லாம் நீலமா நம்ம பட்டிக்குள்ள நிக்குது.

— அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அவன் கடா எப்பவும் பெட்டைங்களோடயே திரியும். சாயமெல்லாம் அவன் பூசறதே இல்ல. அன்னிக்குன்னு பாத்து எப்படி நீலம் வந்துச்சு?

— எப்படியோ வந்துச்சு. எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. ராஜா சேர்ந்த பெட்டைங்களக் கெடுத்துட்டானேன்னு நேரா இங்க வந்தேன். காடிய யாரு ஓட்டினா?

— நான்தான்.

— வழி பூரா வாயத் திறக்கல. நான் உள்ள போயி, நீ வேணும்னேதான் கடாவ அவுத்து விட்டேன்னு அவனப் பாத்துக் கத்தறேன். கட்டி வளக்கத் தெரியாதவனுக்கு ஆடு எதுக்குங்கறேன். கடைசியில அந்த வார்த்தை. குழம்பு ஊத்தற ஆளு கரண்டியக் கீழ வச்சிட்டாரு. நீங்க எங்க நின்னீங்க?

— உனக்குப் பின்னாடி.

— இக்மல் ஒரே ஒரு தடவ உங்களப் பாத்தான். நான் கவனிச்சேன். அவன் பாத்தப்ப நீங்க தரையப் பாத்தீங்க. அப்புறம்தான் அவன், "மன்னிச்சிருங்கக்கா, இனிமே நடக்காது"ன்னு சொன்னான். நான் ஜெயிச்சிட்ட மாதிரி நிமிர்ந்து வந்து இந்தக் காடில ஏறினேன். நினைச்சா உடம்பே கூசுது.

— அழாதே. துடைச்சுக்க. அவன் பாத்துடப் போறான்.

— பாக்கட்டும். அதுக்கப்புறமும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நமக்குக் கறி அனுப்பினான். அத வாங்கி ஆக்கித் தின்னுட்டு, கறி முத்தல், வேகவே இல்லன்னு குறை வேற சொன்னேன்.

— நானும்தான் சொன்னேன்.

— நீலம் பட்ட பெட்டை எல்லாம் ஈனுச்சு. சிவப்பு மட்டும் பட்டது ஒண்ணுகூட ஈனல. மலடுன்னு நெனச்சு நேத்து கசாப்புக்கு ஆள் கூப்பிட்டேன் பாருங்க, அப்பதான் உங்க வாய் திறந்துச்சு. அந்த ஆடுங்களக் காப்பாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு இக்மலக் காப்பாத்தத் தெரியல.

— இறங்கறேன் சந்திரா. கொஞ்சம் இரு, பெல்ட்டக் கழட்டிக்கறேன்.

— கண்ணாடியத் தட்டறாங்க.

— யாரு?

— அவன்தான். இறக்குங்க கண்ணாடிய.

— அண்ணே, நீங்களா? இங்க நிறுத்தாதீங்கண்ணே, மஞ்சக் கோடு. இப்பத்தான் ஆபீசருங்க அந்தப் பக்கம் போனாங்க, திரும்பி வந்தா அபராதச் சம்மன்தான். கடைக்குப் பின்னாடி எங்க இடம் இருக்கு, அங்க போட்டுட்டு வாங்க. அக்கா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?

— இக்மல் தம்பி...

— என்னக்கா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? ஒடம்பு சரியில்லையா? அட, பின்னாடி யாரு இது? காது ரெண்டும் கறுப்பு. அண்ணே, இது அப்படியே எங்க கடாதான்.

— உன் கடாவோட குட்டிதான்பா. இருக்கறதுலயே நல்லதா பாத்துக் கொண்டாந்தோம். உனக்குத்தான்.

— எனக்கு எதுக்குக்கா? உங்க பெட்டை ஈனின குட்டி, உங்க பட்டியில வளரட்டும்.

— நீ வாங்கிக்கணும். அப்பனும் மகனும் ஒரே பட்டியில நிக்கட்டும்.

— அது இல்லையேக்கா இப்போ.

— எது இல்ல?

— எங்க கடா. பெருநாளைக்கு அறுத்துக் குர்பானி கொடுத்துட்டோம்.

— அத எதுக்குப்பா? அது பொலிகடா ஆச்சே. உன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே.

— அத்தா சொன்னாருக்கா. பக்கத்துப் பட்டிக்காரங்க மனசு நோகற மாதிரி நடந்த ஆட்ட வச்சிருக்க வேணாம்னாரு. அன்னிக்கு நீங்க பேசினது அவருக்குத் தாங்கல. வயசானவரு, நான் மறுத்துப் பேசல.

— அப்ப நீ எங்களுக்கு அனுப்பின கறி...

— குழம்பு ஆறிடும்கா. உள்ள வாங்க, மீன் முட்டை இருக்கு, சூடா இருக்கு.

— இக்மல், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு.

— முதப் பங்கு உங்களுக்குத்தான் எடுத்து வச்சேன்கா. பக்கத்துப் பட்டியாச்சே.

— ஏங்க, கேட்டீங்களா? கேட்டீங்களாங்க? முத்தல்னு சொன்னேனே நான்.

— தள்ளிக்க தம்பி, கதவத் திறக்கறேன்.

— அண்ணே, காடிய முதல்ல பின்னாடி...

— சம்மன் எழுதினா எழுதட்டும். இந்த வரிசையில நிக்கிறவங்க எல்லாம் கேக்கணும். உங்க அத்தா கேக்கணும். ஐயா, கொஞ்சம் இப்படிப் பாருங்க, தயாளன் பேசறேன்...

— மெதுவாண்ணே. எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. விடுங்கண்ணே, முடிஞ்சு போன விஷயம்.

— முடியலப்பா. அன்னிக்கு இங்க நின்னு என் பொண்டாட்டி உன்னத் திருடன்னு சொன்னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வேலிக் கம்பிய அவுத்தது நான். உன் கடாவத் திருடினது நான். அவ கத்தறப்ப பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்ததும் நான்தான்.

— அண்ணே, கையெடுத்துக் கும்பிடாதீங்க. என்னண்ணே இது. அக்கா, அண்ணனப் பிடிங்க.

— பிடிக்க மாட்டேன். அவரு சொல்லட்டும். நீ எதுக்கு இவ்வளவு அமைதியா நிக்கிறே? உனக்குக் கோவமே வராதா தம்பி?

— வந்துச்சுக்கா. பொய் சொல்லல, அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ஆனா அண்ணன் தரையப் பாத்தாரு பாருங்க, அப்பத்தான் உங்களுக்கு விஷயமே தெரியாதுன்னு எனக்கு விளங்குச்சு. அவ்வளவு பேருக்கு முன்னாடி அவர நான் எப்படிக்கா காட்டிக் கொடுக்கறது?

— அப்ப கம்பிய நான் அவுத்தது உனக்கு முன்னாடியே தெரியுமா?

— நீங்க அவுத்துட்டு மரத்துக்குப் பின்னாடி நின்னத விடியக்காலையில பாத்தேன்ணே. வீட்டுல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி, வாய்விட்டுக் கேக்கத்தான் வெக்கப்படறீங்கன்னு நெனச்சு, நீங்க திரும்பிப் போனதும், எந்தப் பெட்டை சேர்ந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியட்டும்னு நெஞ்சுல நீலத்தப் பூசி, படுத்துக் கிடந்த கடாவ எழுப்பி உங்க பக்கம் தள்ளி விட்டதே நான்தான்.