சட்டையில் ஒரு விதிவிலக்கு

அநியாயம் நடந்தது கணித ஆராய்ச்சி மாணவிக்கு. நடந்த இடம் அவளுடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பக்கம். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டு, கட்டைவிரல் நகமளவு கருகியிருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். வேறு நல்ல சட்டை கிடையாது. இஸ்திரிக் கடை அக்காவோ யாருடைய கால்சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது? ம்? இத்தனூண்டுதானேங்கிற மாதிரி பாக்காதீங்க! எதிர்ல மூணு பேர் உக்காந்திருப்பாங்க. அதுல ஒரு பெரியவர், கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி வெச்சுப் பாக்குற ஆளு. என் ஆராய்ச்சியே என்னக்கா? நேத்துதானே சொன்னேன்... சார்புங்கிறது வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு கோடுன்னு வெச்சுக்குங்க. அதுல ஒரு புள்ளிக்குக் கிட்டப் போயி, இன்னும் கிட்டப் போயிப் பாத்தா, நீங்க தேச்ச துணி மாதிரி மடிப்பில்லாம நேராத் தெரியணும். அதான் வகையிடத்தக்கது. எல்லாப் புள்ளியும் அப்படித் தெரியாது, சிலது முரண்டு பிடிக்கும். ஆனா சார்பு எவ்வளவு நல்ல குடும்பமோ, முரண்டு பிடிக்கிற கூட்டம் அவ்வளவு சின்னது. நிரூபிச்சவ நான்! அதை விட்டுத்தள்ளிட்டு மத்த இடத்துல நிம்மதியா வேலையைப் பாக்கலாம்னு இருநூறு பக்கம் எழுதியிருக்கேன். இப்ப அந்தப் பெரியவர், 'விட்டுத்தள்ள வேண்டிய இடம் எங்கம்மா?'ன்னு கேட்டா... நெஞ்சைத் தொட்டுக் காட்டவா?

என்ன, என் தோள்பையைக் காட்டுறீங்க? அதை வெச்சு மறைக்கணுமா? போர்டுல எழுத ரெண்டு கை வேணாமா? சரி, ஒரு கைதான்... ஆனாலும்! நேத்து நீங்க கண்ணு கொட்டாமக் கேட்டீங்களேக்கா. எங்க வீட்ல அப்படி யாரும் கேட்டதில்ல. அம்மா பாதியிலேயே அடுப்பைப் பாக்கப் போயிடுவாங்க, அடுப்பே எரியாது! நேத்து பக்கத்துல எவனோ எதையோ கருக்கிட்டிருந்தான், அந்த வாடையிலகூட நான் நிறுத்தல. அப்படி உயிரைக் குடுத்துச் சொன்னவளுக்கு இதான் மரியாதையா? பதில் சொல்லுங்கக்கா!"

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"'பெட்டி கெடக்கட்டும், இங்க பாருங்க'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தே. பாத்தேன். 'ஏதோ கருகுதும்மா'ன்னேன். 'சின்ன விஷயம், விட்டுத்தள்ளுங்க'ன்னே. விட்டுத்தள்ளிட்டேன்."