காலி வண்டியில் ஒரு சுற்று

—பயம் பத்துக்கு எத்தனைம்மா இப்ப?

—எட்டு. எஞ்சின் சத்தம் கேட்டதுமே எட்டு. கேக்காத குட்டி, நீ கேக்கக் கேக்க ஏறுது.

—ஏறட்டும். ஸ்டியரிங்க அவ்வளவு இறுக்கிப் புடிக்காத. விரலெல்லாம் வெளுத்துப் போச்சு பாரு.

—முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கே ஸ்டியரிங் புடிக்கச் சொல்லிக் குடுக்கறியா? உன்ன வயித்துல வெச்சுக்கிட்டே வேன் ஓட்டினவ நான்.

—தெரியும். இந்த டிப்போல மொதமொதல்ல பஸ் எடுத்த பொம்பளயும் நீதான். அதையும் ஒரு தடவ சொல்லிடு, மனசு ஆறட்டும்.

—கிண்டலா? ஆமாம் போ. அந்தப் பேரு இருக்கப் போய்த்தான் இவ்வளவு அவமானமா இருக்கு. ரெண்டு மாசமா முட்டி வலின்னு சொல்லி நொண்டிக்கிட்டுத் திரியறேன். இன்னிக்கும் ஓட்டலேன்னா டிக்கெட் ரூம்ல நிரந்தரமா உக்கார வெச்சிடுவாரு மேனேஜர்.

—அவரே தான ஒரு சுத்து காலி வண்டியில போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு? அத மட்டும் நெனை. பயணிங்க யாரும் இல்ல. அவசரமும் இல்ல. ஏன் இன்னும் நிக்கறோம்?

—காத்து ஏறணும்டி. பிரேக்குக்குக் காத்து ஏறாம வண்டி நகரக் கூடாது. அதோ அந்த மீட்டர் முள்ளு பச்சைக்கு வரணும்.

—நல்லதாப் போச்சு. அது வர்ற வரைக்கும் நீயும் நிதானமா மூச்சு விடு.

—எதுக்குப் பயப்படறேன்னு நெனச்சாத்தான் எனக்கு வெக்கமா இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கு ஒண்ணுமே ஆகலியே! ஃப்ரெண்டப் பாத்துக் கையாட்டிக்கிட்டே ரோட்டுல எறங்கிட்டா. பிரேக்குல ஏறி நின்னேன். ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்னுடுச்சு. ‘சாரி ஆன்ட்டி’ன்னுட்டு ஓடியே போயிட்டா. பஸ்ல இருந்தவங்க பூரா எனக்குக் கை தட்டினாங்க. கைதட்டு வாங்கின மறுநாள், இந்தப் படியில எனக்குக் கால் ஏறல. யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன் இத?

—எங்கிட்ட சொன்ன.

—சொல்லி? ‘என்னால முடியாதும்மா’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டியே! எம்பொண்ணு சைக்காலஜி படிக்கறா, மனசையே படிக்கறான்னு டிப்போ பூரா தம்பட்டம் அடிச்சு வெச்சிருந்தேன். ‘அப்ப நான் இப்ப என்ன நெனக்கறேன்னு சொல்லுவாளா’ன்னு ஒரு கண்டக்டர் கேட்டாரு. ‘அதுக்கு எம்பொண்ணு எதுக்கு? டீ நெனப்புதான், மூஞ்சியிலயே எழுதியிருக்கு’ன்னேன். அப்பிடிப் பெருமை பேசினவளுக்கு வீட்டுல வைத்தியம் கெடைக்கல.

—மூணாவது வருஷம் படிக்கறவம்மா நான். பயம் எப்பிடி உள்ள நுழையுது, எப்பிடி வெளிய போகுதுன்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதிடுவேன். ஆனா ஒருத்தரக் கையப் புடிச்சு அதுலேருந்து வெளிய கூட்டிட்டு வர்றதுக்கு நான் இன்னும் பழகல. அதுக்கு மேல படிக்கணும், தேர்ந்தவங்க பக்கத்துல இருந்து கத்துக்கணும். அதுவும் இல்லாம, நீ எங்கம்மா. சொந்தக்காரங்களுக்கு வைத்தியம் பாக்கவே கூடாதுன்னு டீச்சர் மொத வருஷமே சொல்லிட்டாங்க.

—நல்லாச் சொன்னாங்க. ஒரு வாரம் உங்கூடப் பேசலியே நான்.

—தெரியும். சோறு மட்டும் டங்குன்னு தட்டுல வந்து விழுந்துச்சு.

—கடைசில நீ சொன்ன ஆஸ்பத்திரிக்கே வந்தேன்ல. டாக்டரம்மா என்ன உள்ள கூப்பிட்டப்ப நீ வெளியவே நின்னுட்ட. திரும்பிப் பாத்தேன், அழுகையா வந்துச்சு.

—எனக்கும்தான். கதவ மூடினதும் அந்த பெஞ்சுல உக்காந்து அழுதேன். அப்பறம், அவங்க டாக்டர் இல்லம்மா, மனநல ஆலோசகர்.

—எனக்கு அவங்க டாக்டர்தான். முள்ளு வந்திடுச்சு பாரு.

—எத்தனை இப்ப?

—ஆறு, ஆறரை. இது எப்பிடிடி எறங்குச்சு? நான் ஒண்ணுமே பண்ணலியே?

—எழுந்து ஓடாம உக்காந்திருந்தியே, அதான் பண்ணின. ஓடிப்போனா அது இன்னும் பெருசாகும். உக்காந்துட்டா தானா வடியும். வகுப்புல போர்டுல ஒரு கோடு போட்டுக் காட்டினாங்க, மேல ஏறி மெதுவா எறங்கற கோடு. மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிட்டேன். உயிருள்ள ஒரு ஆளுகிட்ட அத இப்பத்தான் பாக்கறேன், உன் விரல்ல.

—வெளுப்பு போயிடுச்சா?

—போயிடுச்சும்மா.

—அப்ப ரைட்டு! அதோ, கேட்டுக்கிட்ட டைம்கீப்பர் நிக்கறான் பாரு.

—சும்மா சொல்லக் கூடாது, அக்கா சீட்டுல உக்காந்தாத்தான் டிப்போவுக்கே களை வருது! முட்டி தேவலையாக்கா?

—முட்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு தம்பி. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன்.

—பயமா? உங்களுக்கா?

—எனக்குத்தான். கேட்டத் தொறப்பா. டைம்கீப்பர்னு பேரு, ஊர் நேரத்தப் பூரா நீயே சாப்பிடற.

—இது யாரு, காலேஜ் படிக்கற பொண்ணா? சும்மா சொல்லக் கூடாது பாப்பா, அம்மாவ நீயே குணப்படுத்திட்ட போல!

—ஐயோ இல்ல மாமா, நான் வந்து...

—இவளா? இவ மாட்டேன்னுட்டா தம்பி. தனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவ கெஞ்சறாளேன்னு தெரியாத வேலையில கை வெக்காம, தெரிஞ்சவங்ககிட்டக் கொண்டுபோய் விட்டா. அந்தப் படிப்பு படிக்கறா எம்பொண்ணு.

—அக்கா... அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு சாயங்காலம் ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கில்ல. சும்மா கேட்டு வெச்சுக்கத்தான்.

—சொல்றேன். சும்மா கேக்கறவங்களையும் அங்க நல்லாப் பாக்கறாங்க. இப்ப தொற.

—என்னம்மா இப்பிடிப் பட்டுனு போட்டு ஒடச்சிட்ட?

—நடிச்சு நடிச்சு நொண்டினதுல நெசமாவே முட்டி வலிக்க ஆரம்பிச்சிடுச்சுடி. எத்தனை நாளைக்கு?

—எடது பக்கம் திரும்பினா கூட்டம் இருக்காது, கடைங்க இன்னும் தொறக்கல. கடைத்தெரு வழியாப் போயிடலாம்.

—நேராத்தான் போறேன். அந்தப் பொண்ணு குறுக்க வந்த பள்ளிக்கூடத்து மொனைக்கு.

—இன்னிக்கேவா? பள்ளிக்கூடம் ஆரம்பிக்கற நேரம்மா. எல்லாப் பசங்களும் வெளியதான் இருப்பாங்க.

—அதுக்குத்தான் போறேன். கண்ணாடியில பின்னால பாரு, யாரும் ஒட்டிக்கிட்டு வர்றாங்களா?

—ஒரு ஆட்டோ. தள்ளித்தான் வருது.

—சரி. மொனை வந்தாச்சு, இதோ நிறுத்திட்டேன். எல்லாரும் கடக்கட்டும். நீ கேக்காமலே சொல்றேன், பத்து. பிரேக்குலேருந்து காலையே எடுக்கல குட்டி.

—அம்மா, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. போதும்மா. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. பக்கத்துத் தெருவுல திருப்பிடு, போயிடலாம்.

—என்ன சொன்ன?

—திரும்பிடலாம்மா. என்னால பாக்க முடியல.

—ஓடிப்போனா பெருசாகும்னு டிப்போல சொன்னவ யாரு?

—நான்தான்.

—போர்டுல கோடு போட்டப்ப முழிச்சுக்கிட்டுத்தான இருந்த? உக்காரு.

—தப்பாச் சொல்லிட்டேன். சொந்தக்காரங்களுக்குப் பாக்கக் கூடாதுன்னு டீச்சர் ஏன் சொன்னாங்கன்னு இப்பத்தாம்மா எனக்கே உறைக்குது.

—எனக்கும்தான். மாட்டேன்னு சொன்னதுக்கு உம்மேல அவ்வளவு கோவம். நீ மட்டும் சரின்னு தலையாட்டியிருந்தா, பெத்தவ வேர்க்கறது பொறுக்காம இந்த மொனையிலேருந்தே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப. நானும் டிக்கெட் ரூம்ல உக்காந்து, எம்பொண்ணு மாதிரி உண்டான்னு பெருமை பேசிக்கிட்டு இருந்திருப்பேன்.

—பின்னாடி ஹார்ன் அடிக்கறாங்கம்மா.

—அடிக்கட்டும். அந்தச் சின்னது கடந்துக்கட்டும். பாரேன், எனக்குக் கையக் காட்டிட்டுப் போகுது! பை அது உசரம் இருக்கு. ம்... இப்ப ஒம்போது. எட்டுன்னே வெச்சுக்கயேன். போலாமா?

—ரைட்டு!

—கண்டக்டர் மாதிரிச் சத்தமாச் சொல்லுடி.

—ரைட், ரைட்! போலாம் போலாம்!

—அப்பிடி!

—அம்மா, நெசமாச் சொல்றேன், வளைவுல திரும்பினதே தெரியல. சின்ன வயசுல உன் பஸ்ல வரும்போது எல்லாருகிட்டயும் ‘ஓட்டறது எங்கம்மா’ன்னு சொல்லுவேன். இன்னிக்குச் சொல்றதுக்கு வண்டியில யாரும் இல்லாமப் போயிட்டாங்க.

—போதும், போதும். எத்தனைன்னு கேளு இப்ப.

—எத்தனை?

—மூணு. இந்த மூணு மொத நாள்லேருந்தே உண்டு. அது கூட இல்லாதவங்க பஸ் ஓட்டவே கூடாது.

—இத எங்க வகுப்புல வந்து சொல்லணும் நீ. அம்மா, ஏன் ஓரங்கட்டற? இது எங்க காலேஜ் வாசலாச்சே.

—தெரியும். எறங்கு.

—எனக்குப் பரீட்சை மத்தியானம்தான். டிப்போ வரைக்கும் வர்றேன். இன்னும் பாதி தூரம் இருக்கு. மேம்பாலம் வேற இருக்கு.

—இருக்கட்டும். வைத்தியத்துல கடைசிப் படி நீ பக்கத்துல இல்லாம ஓட்டறதுதான்னு டாக்டரம்மா போன வாரமே சொல்லிட்டாங்க.

—எங்கிட்ட சொல்லவே இல்லையே!

—உள்ள பேசறது வெளிய வரக் கூடாதுன்னு உங்க படிப்புல ஒரு சட்டம் இருக்காமே.

—அது அவங்களுக்கும்மா, உனக்கில்ல! சரி... தனியா முடியுமா உனக்கு?

—அதக் கேக்கற மொகத்தப் பாரு. இப்ப பத்துக்கு ஒம்போது உனக்குத்தான். கீழ எறங்கி மூச்சு விடு, அப்பறம் போய் நல்லபடியா எழுது.

—டிப்போ போய்ச் சேந்ததும் ஒரு ஃபோனாவது பண்ணுவியா?

—எதுக்கு? ட்யூட்டி போட்டாங்கன்னா சாயங்காலம் இதே வாசல்ல வந்து நிப்பேன். டிக்கெட் எடுத்துக்கிட்டு ஏறு.

—அம்மா...

—கதவ மூடணும், எறங்கு குட்டி. நீ உக்காந்திருக்கறதாலதான் ஓடறோம்னு இந்த வண்டி நெனச்சுக்கக் கூடாது.